துப்பாக்கிக் குழலுக்குத் தேடிய உருக்கு: ஹரி பிரியர்லியின் வாழ்க்கை

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய எம்.டி. 90, கொஞ்ச நாளில் இழுவை குறைந்துபோகும். கராஜில் எஞ்சினைத் திறந்தால் புகை வெளியேறும் பக்கத்து வால்வில் கரி பிடித்து, விளிம்பு எரிந்திருக்கும். புதியது வாங்க வழியில்லை. பழையதையே அரைத்து, படிய வைத்து, திரும்பப் போட்டு ஓடினார்கள். அந்தச் சின்ன உலோகத் துண்டு அவ்வளவு சூட்டை எப்படித் தாங்குகிறது என்று யோசிக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னர் கிடைத்தது. அதைக் கண்டவர் வால்வைத் தேடவில்லை. தேய்ந்துபோகாத துப்பாக்கிக் குழலைத் தேடினார். அந்தத் தேடலில் கிடைத்த உருக்கு குழலுக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் சமையலறைக் கத்திக்கும் விமான எஞ்சினின் வால்வுக்கும் அது பொருந்தியது. அவர் பெயர் ஹரி பிரியர்லி.

உலைக்குக் கீழே ஒரு சிறுவன்

பிரியர்லி 1871 பெப்ரவரி 18ஆம் திகதி ஷெபீல்டில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. தந்தை ஜோன் பிரியர்லி உருக்கு உருக்கும் தொழிலாளி. தாய் ஒரு கொல்லரின் மகள். நெருக்கமான ஒரு வளவில், சிறிய வீட்டில், கையில் காசு தங்காத குடும்பம்.

ஷெபீல்ட் அப்போது உலகத்தின் உருக்குப் பட்டறை. களிமண்ணால் செய்த மூசைக்குள் இரும்பையும் சேர்க்கைகளையும் இட்டு, கோக் நிலக்கரி உலையில் மணிக்கணக்காகக் காய்ச்சி உருக்கு எடுப்பார்கள். ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு, நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்கி, வெண்சூடான உருக்கை அச்சில் ஊற்றுவது தொழிலாளியின் வேலை. உருக்கு எப்போது பதமாகிறது என்பதைக் கண்ணால்தான் முடிவு செய்தார்கள். ஆறிய பாளத்தின் தலையை உடைத்து, உடைந்த முகத்தின் மணிகளையும் மினுக்கத்தையும் பார்த்தே அதில் எவ்வளவு காபன் இருக்கிறது என்று பிரித்து அடுக்கினார்கள். அந்தக் கண்கள் பெரும்பாலும் தவறவில்லை.

ஏறத்தாழ 12 வயதில் பிரியர்லியின் பாடசாலை முடிந்தது. தந்தை வேலை செய்த தோமஸ் ஃபேர்த் அன்ட் சன்ஸ் தொழிற்சாலையில், உலைகளுக்குக் கீழே உள்ள நிலவறையில் சாம்பல் அள்ளும் பையனாகச் சேர்ந்தார். தந்தையும் மற்றத் தொழிலாளிகளும் கண்ணாலும் கையாலும் உருக்கை அறிந்த விதம் அங்கேதான் அவர் மனதில் பதிந்தது. பின்னாளில் விஞ்ஞானி என்று பெயர் எடுத்த பிறகும் அந்த அறிவை அவர் தாழ்வாகப் பேசியதில்லை.

போத்தல் கழுவியவர்

அங்கிருந்து அதே நிறுவனத்தின் இரசாயன ஆய்வுகூடத்துக்குப் போனார். வேலை, போத்தல்களைக் கழுவுவது. ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஜேம்ஸ் டெய்லர் பையனின் ஆர்வத்தைக் கண்டு கணக்கும் இரசாயனமும் படிக்கத் தூண்டினார். பிரியர்லி பகலில் கழுவினார், இரவில் படித்தார். மாலை வகுப்புகளே அவருடைய பல்கலைக்கழகம். மெல்ல மெல்ல உருக்கைப் பகுத்தாய்வதில் தேர்ந்தார். 1895இல் ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் ஒரு மகன் பிறந்தான். மகனின் பெயரில் டெய்லர் என்பதையும் சேர்த்தார்கள். குருவுக்குச் செய்த மரியாதை அது.

1901இல் கேசர் எலிசன் என்ற வேறொரு உருக்கு நிறுவனத்துக்கு இரசாயனவியலாளராகப் போனார். அடுத்த வருடம் பிரெட் இபட்சனுடன் சேர்ந்து உருக்காலைப் பொருட்களைப் பகுத்தாய்வது பற்றி ஒரு நூலை வெளியிட்டார். நிலவறைப் பையன் 31 வயதில் நூலாசிரியர் ஆகியிருந்தார்.

இந்தக் காலத்தில் அவரை அதிகம் இழுத்தது, உருக்கைச் சூடாக்கிக் குளிர்விக்கும் முறை. ஒரே உருக்கை எந்தச் சூட்டில் இருந்து எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கண்ணாடி போல் உடையும், அல்லது வில் போல் வளையும். சூட்டை அளக்கும் கருவிகள் விலை கூடியவை. பட்டறையில் இலகுவில் பழுதாகும். பிரியர்லியும் அவருடைய நண்பர் கொலின் மூர்வுட்டும் எளிய வழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட சூட்டில் மட்டும் உருகும் உப்புக் கலவைகளைச் சிறு உருளைகளாகச் செய்து உலைக்குள் வைத்தார்கள். உருளை உருகினால் அந்தச் சூடு வந்துவிட்டது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் அதை வைத்துப் பிழையில்லாமல் வேலை செய்யலாம்.

1904இல் ஃபேர்த் நிறுவனம் வாங்கியிருந்த ஆலைக்காக அவர் ருஷ்யப் பேரரசின் ரீகா நகரத்துக்குப் போனார். இன்று அது லத்வியாவின் தலைநகர். அந்த வருடமே ருஷ்ய-ஜப்பானிய யுத்தம் தொடங்கியது. 1905இல் புரட்சி ரீகாவின் தெருக்களுக்கும் வந்தது. வேலைநிறுத்தங்களுக்கும் துப்பாக்கிச் சத்தங்களுக்கும் இடையில் ஆலையை நடத்தும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. 1907இல் ஷெபீல்டுக்குத் திரும்பினார். ஃபேர்த்தும் ஜோன் பிரவுன் நிறுவனமும் கூட்டாக அமைத்த பிரவுன்-ஃபேர்த் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுத்தால் அதில் தனக்கும் பங்கு உண்டு என்ற உடன்பாட்டுடன்தான் அவர் சேர்ந்தார். பின்னர் வந்த பிணக்கின் வேர் இந்த உடன்பாட்டில்தான் இருந்தது.

தேய்ந்துபோன குழல்கள்

1912இல் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் பிரச்சினை ஒன்று அவரிடம் வந்தது. சுடும்போது எழும் சூடான வாயு குழலின் உட்புறத்தை அரிக்கிறது. தோட்டாவைச் சுழற்றும் வரிகள் தேய, குறி தவறுகிறது. என்பீல்டில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தார். குரோமியம் கூடிய உருக்கு அதிக சூட்டில்தான் உருகும் என்பது முன்னரே தெரிந்ததால், குரோமியத்தின் அளவைக் கூட்டி, காபனைக் குறைத்துப் பார்க்கத் தீர்மானித்தார்.

முதலில் மூசையில் வார்த்தவை சரிவரவில்லை. பின்னர் மின் உலையில் வார்த்தார்கள். 1913 ஆகஸ்டில் கிடைத்த வார்ப்பில் 12.8 வீதம் குரோமியமும் 0.24 வீதம் காபனும் இருந்தன. அதில் செய்த குழல்கள், எதிர்பார்த்த நன்மை எதையும் தரவில்லை. கேட்டவர்களைப் பொறுத்தவரை விடயம் அத்தோடு முடிந்தது.

பிரியர்லிக்கு முடியவில்லை. உருக்கின் உள்ளமைப்பைப் பார்ப்பதற்கு அதை மினுக்கி, மதுசாரத்தில் கலந்த நைத்திரிக் அமிலத்தில் தோய்ப்பார்கள். அமிலம் சில இடத்தைக் கூடவும் சில இடத்தைக் குறையவும் கரைக்கும்; அந்தக் கோலத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்த முறைக்கு அடித்தளம் இட்ட ஹென்றி சோர்பியும் ஷெபீல்ட்காரர்தான். புதிய உருக்கை அப்படித் தோய்த்தபோது அமிலம் அதைத் தொடவே தயங்கியது. வினாகிரியும் எலுமிச்சைச் சாறும் போன்ற சமையலறைப் புளிகளும் அதில் கறை ஏற்றவில்லை.

கழிவுக் குவியலில் ஒரு துண்டு மட்டும் துருப்பிடிக்காமல் பளபளத்ததைக் கண்டு அவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மை அதைவிட நிதானமானது. பரிசோதனைக்கு இடைஞ்சலாகத் தெரிந்ததையே அவர் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டார். அமிலம் கரைக்க முடியாத உருக்கு, சாப்பாட்டு மேசையில் துருப்பிடிக்காது என்று நினைத்தார். மற்றொன்றையும் கவனித்தார். சூடேற்றிக் கடினமாக்கிய துண்டு அமிலத்துக்கு நின்று பிடித்தது. மென்மையாக்கிய துண்டு அவ்வளவு நிற்கவில்லை. கலவை மட்டும் போதாது, சூட்டுப் பதமும் வேண்டும் என்பது அதன் பொருள்.

காரணம் இதுதான். உருக்கில் ஏறத்தாழ பத்தரை வீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் அது காற்றில் உள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்கும். கீறினாலும் படலம் தானே மீண்டும் வளரும். ஆனால் உருக்கில் உள்ள காபன், குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் குணமுடையது. உருக்கை மென்மையாக்கும்போது குரோமியத்தின் ஒரு பகுதி அப்படிப் பிணைபட்டு, படலத்துக்குக் கிடைப்பது குறைந்துவிடும். உயர்ந்த சூட்டில் இருந்து வேகமாகக் குளிர்வித்தால் குரோமியம் உருக்கு முழுவதும் பரவி நிற்கும்.

வெட்டாத கத்தி

ஷெபீல்டின் மற்றைய பெருந்தொழில் கத்தி செய்வது. அக்காலக் கத்தியைச் சாப்பிட்டதும் கழுவி, துடைத்து, மினுக்கி வைக்காவிட்டால் கறுத்துவிடும். தன் உருக்கு கத்திக்கு உகந்தது என்று பிரியர்லி மேலிடத்துக்கு எழுதினார். அவர்கள் அக்கறை காட்டவில்லை. அவர் சொல்லி கத்திப் பட்டறைகள் செய்து பார்த்தன. திரும்பி வந்த பதில் கேலி: வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர்.

தவறு உருக்கில் இல்லை. பட்டறைக்காரர் பழகிய உருக்கைப் போல இதையும் குறைந்த சூட்டில் பதம் வைத்தார்கள். இதற்கு 950 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அது போதாதபோது கத்தி மொட்டையானது. அத்துடன் இந்த உருக்கு வெறும் காற்றில் ஆறினாலே இறுகிவிடும். அடித்து வடிவமைத்த தகட்டை ஆற விட்டால் அரம் கூட ஏறாது. பழைய கைப்பழக்கம் எவ்வளவு நல்லதானாலும் புதிய பொருள் வந்தால் அதைத் திரும்பப் பழக வேண்டும்.

பிரியர்லி தன் செலவிலேயே உருக்கை வாங்கிக் கொடுத்தார். மோஸ்லி என்ற கத்தி நிறுவனத்தின் முகாமையாளர் ஏர்னஸ்ட் ஸ்டுவார்ட் 1914இல் சில முயற்சிகளில் சரியான பதத்தைப் பிடித்தார். வினாகிரியில் போட்டும் கறை படியாததைக் கண்டு, கறைபடியாத உருக்கு என்ற பொருளில் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரும் அவர்தான். நாம் எவர்சில்வர் என்று சொல்வது அந்தக் குடும்பத்தைத்தான்.

உரிமை யாருக்கு?

பொருள் விலைபோகும் என்று தெரிந்ததும் பிணக்கு தொடங்கியது. உருக்கு தங்களுடையது என்றது நிறுவனம். உடன்பாட்டின்படி தனக்குப் பங்கு உண்டு என்றார் பிரியர்லி. கண்டுபிடிப்பில் அவருடைய பெயரே வெளியில் வராத நிலை ஏற்பட்டது. 1914இன் கடைசி நாட்களில் அவர் பதவி விலகினார். 12 வயதில் சாம்பல் அள்ள நுழைந்த நிறுவனத்தில் இருந்து 43 வயதில் வெளியேறினார். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் பிரவுன் பேலி என்ற ஷெபீல்ட் நிறுவனம் அவரை ஆலை முகாமையாளராக எடுத்தது. பிரித்தானியாவில் இந்த உருக்குக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. ஜோன் மடொக்ஸ் என்ற முதியவரின் தூண்டுதலால் பிரியர்லி அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1916இல் உரிமை கிடைத்தது. அது கைக்கு வந்த பின்னரே பழைய நிறுவனம் பேச வந்தது. 1917இல் ஃபேர்த், பிரியர்லி என்ற இரு பெயர்களையும் தாங்கிய கூட்டு நிறுவனம் உருவானது.

அவர் மட்டும்தான் இதைக் கண்டார் என்று சொல்வதும் நியாயமல்ல. பிரான்சிலும் ஜேர்மனியிலும் குரோமிய உருக்கின் குணங்களைப் பலர் முன்னரே ஆராய்ந்திருந்தார்கள். ஜேர்மனியில் பிலிப் மொனார்ட்ஸ் 1911இலேயே அமிலத்துக்கு நிற்கும் குணத்தை விளக்கியிருந்தார். கிருப் ஆலையில் மௌரரும் ஸ்ட்ராவுஸும் 1912இல் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உருக்கை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் எல்வுட் ஹேய்ன்ஸ் உரிமை கோரினார். பின்னர் இரு தரப்பும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தன. நமது சோற்றுத் தட்டு பெரும்பாலும் கிருப் வழியில் வந்தது. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் என்ற புகழ்பெற்ற கலவையை 1920களில் ஷெபீல்டில் கொண்டுவந்தவர், பிரியர்லியின் கதிரையில் அடுத்து அமர்ந்த வில்லியம் ஹற்பீல்ட். பிரியர்லியின் நேரடி வாரிசு, கத்தி. இன்னொரு வாரிசு, வால்வு.

எஞ்சினுக்குள்

யுத்தம் கத்தியை நிறுத்தியது. குரோமியம் கூடிய உருக்கு முழுவதும் விமான எஞ்சினின் வால்வுக்குத் தேவைப்பட்டது. ஃபேர்த் நிறுவனம் அதை விமான உருக்கு என்ற பெயரிலேயே விற்றது.

ஏன் வால்வு? நிமிடத்துக்கு 1,800 தடவை சுழலும் நாலடி எஞ்சினில் புகை வால்வு 900 தடவை திறந்து மூடும். செக்கனுக்கு 15 தடவை. ஒவ்வொரு தடவையும் எரிந்த வாயு அதன் கழுத்தைச் சுற்றிப் பாயும். வால்வின் தலை சிவக்கும் அளவுக்கு, 700 பாகைக்கு மேலும் சூடேறும். அந்த நிலையில் இருக்கைமேல் அடிபட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண உருக்கு அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரியும், தண்டு நீளும், தலை கோணும். விளிம்பில் மயிரளவு இடைவெளி விழுந்தால் அதற்குள்ளால் தீ பீறிட்டு வால்வைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய்க் கரியால் நமது வால்வுகளுக்கு நேர்ந்ததும் இதுதான். தரையில் ஓடும் வாகனம் நின்றுபோகும். ஆகாயத்தில் பறப்பது விழுந்துவிடும்.

குரோமியப் படலம் அமிலத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் காவல். செதில் உரியாது. சிவந்த சூட்டிலும் இந்த உருக்கு ஓரளவு பலத்தை வைத்திருக்கும். குறையும் இருந்தது. ஏறத்தாழ 800 பாகையைத் தாண்டிவிட்டால் உள்ளமைப்பு மாறி, ஆறும்போது மீண்டும் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். அதனால்தான் பின்னாளில் எஞ்சின்கள் இன்னும் சூடாக ஓடத் தொடங்கியபோது சிலிக்கன் சேர்த்த உருக்குகளும், நிக்கல் கூடிய உருக்குகளும் வால்வுக்கு வந்தன.

எந்தக் கலவை எந்தப் பாகத்துக்கு என்பதை ஒரு சோதனை சொல்லிவிடாது. இழுத்துப் பார்ப்பது பலத்தைச் சொல்லும். குண்டை அழுத்திப் பள்ளத்தை அளப்பது கடினத்தைச் சொல்லும். வெட்டு வைத்த துண்டை ஊசல் சம்மட்டியால் உடைப்பது அதிர்ச்சியைத் தாங்குமா என்று சொல்லும். உலையில் நாட்கணக்காக வைத்து நிறுத்தால் எவ்வளவு செதில் கட்டியது என்று தெரியும். எல்லாவற்றிலும் தேறியதையும் கடைசியில் எஞ்சினில் பூட்டி ஓட்டித்தான் நம்ப வேண்டும்.

சோதனை இலக்கங்களை மட்டும் வைத்து உருக்கை வாங்குவோருடன் பிரியர்லிக்கு எப்போதும் வழக்கு இருந்தது. ஓரத்தில் வெட்டிய சின்னத் துண்டு தேறிவிடலாம். ஆனால் முழுச் சுழல்தண்டின் நடுவில் உள்ள குறை, பாளம் வார்த்த அன்றே பிறந்திருக்கும். உருகிய உருக்கு அச்சுக்குள் எப்படி உறைகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அவரும் சகோதரர் ஆர்தரும் மெழுகு போன்ற ஸ்டியரினை உருக்கிச் சிறு அச்சுகளில் ஊற்றி, ஆறியதும் பிளந்து பார்த்தார்கள். மணிகள் எந்தத் திசையில் வளர்கின்றன, குழி எங்கே விழுகிறது, பலவீனம் எங்கே ஒதுங்குகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தது. 1918இல் வந்த அவர்களின் நூல் இதைத்தான் விளக்கியது. நிலவறைப் பையனின் பார்வை அதில் இருக்கிறது: பொருளை அது பிறக்கும் இடத்தில் பார்.

விமானச் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடிய மக்களுக்கு இந்தக் கதையை வெறும் சாதனையாகச் சொல்ல முடியாது. நல்ல வால்வு விமானியை வீடு சேர்த்தது; அதே வால்வு குண்டையும் தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உருக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. குழலுக்காகத் தேடியது கத்தியாகி, கத்தியாக வேண்டியது யுத்தத்துக்குப் போய், யுத்தம் முடிந்தபின் திரும்பவும் சமையலறைக்கும் சத்திரசிகிச்சை மேசைக்கும் வந்தது.

கடைசி வருடங்கள்

1920இல் பிரித்தானியாவின் இரும்பு உருக்கு நிறுவகம் அவருக்கு பெசமர் தங்கப் பதக்கம் வழங்கியது. 1925இல் பிரவுன் பேலியின் பணிப்பாளர் ஆனார். 1933இல் உருக்குத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தந்தையோடு வேலை செய்த பெயர் தெரியாத மனிதர்களின் திறமையும் வறுமையும் அதில் இடம்பெற்றன. 1939இல் ஷெபீல்ட் நகரம் தன் உயர்ந்த குடிமை மரியாதையை அவருக்குக் கொடுத்தது.

1941இல், மறுபடியும் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். முந்தைய டிசம்பரில்தான் ஷெபீல்ட் மேல் ஜேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்திருந்தன. அதே வருடம் தன் பணத்தில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். வசதியில்லாதவர்களுக்குக் கல்வி, பயணம், இசை, கலை போன்றவற்றில் ஒரு வாசல் திறந்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு டெய்லர் தனக்குத் திறந்த வாசலை அவர் மறந்திருக்கவில்லை. 1948இல் டோர்கீ நகரில் காலமானார். அறக்கட்டளை அவருக்குப் பின்னும் நிலைத்தது.

இடம்பெயர்ந்தபோது பலரும் கைக்கு எட்டிய எவர்சில்வர் பாத்திரங்களை உரப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மழையில் நனைந்தன, மண்ணில் புதைந்தன, விறகு நெருப்பில் கறுத்தன. திரும்பி வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தபோது சில பாத்திரங்களில் பெயர் வெட்டிய எழுத்துகள் அப்படியே இருந்தன.